திறைசேரியில் நின்றுபோன தேர்தல்

உள்ளூராட்சித் தேர்தலுக்கென்று வரவு செலவுத் திட்டத்தில் பாராளுமன்றம் ஒதுக்கிய 1,000 கோடி ரூபாவைத் தடுத்து வைக்கலாகாது என்று 2023 மார்ச் 3ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்த பின்னரும், தேர்தலுக்கு வேண்டிய பணம் திறைசேரியிலிருந்து வந்து சேரவில்லை. பணமின்றி வாக்குச்சீட்டு அச்சிடும் பணி தடைப்பட்டது; மார்ச் 9இல் நடக்கவிருந்த தேர்தல் ஏப்ரல் 25க்குத் தள்ளிப்போய், அந்தத் திகதியும் கைநழுவிற்று. மார்ச் 19உடன் சபைகளின் ஆயுள் முடிய, நிர்வாகம் முழுவதும் உத்தியோகத்தர்கள் வசமாயிற்று.

இதைக் கொழும்பின் அதிகாரப் பிணக்கு என்று மத்திய மாகாணத்தின் கலஹாவைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்கிறவர்கள் ஒதுக்கிவிட முடியாது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காரணம் காட்டி, சபை நிதியைத் தோட்டங்களில் செலவிட இயலாதென்று மூன்று தசாப்தங்களாக மறுத்துவந்தார்கள். 2018இல்தான் அந்தத் தடை திருத்தத்தால் நீங்கிற்று. லயன்களுக்குச் செல்லும் பாதைக்கும் குடிநீருக்கும் சபையிடம் உரிமையோடு கேட்கலாம் என்ற நிலை பிறந்து ஐந்தாண்டு நிறைவதற்குள், கேட்பதற்குத் தாம் தெரிந்தெடுத்த உறுப்பினரே இல்லாது போனமை எத்துணை பெரிய அநீதி!

நாடு கடனில் மூழ்கியிருக்கையில் தேர்தல் எதற்கு என்று அன்று கூறப்பட்டது. பஞ்சம் மெய்யே. ஆயினும் பொதுநிதி மீதான பூரண அதிகாரத்தை அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பாராளுமன்றத்திடமே ஒப்படைத்திருக்க, அந்தச் சபை விவாதித்து நிறைவேற்றிய ஒதுக்கீட்டை, மக்களுக்கு முகங்காட்டாத ஓர் அலுவலகம் வெறும் மௌனத்தாலும் தாமதத்தாலும் வெறுமையாக்குவதற்குப் பஞ்சம் நியாயமாகாது.

நீதிமன்றத்துக்கு நிர்வாகம் பணிந்த காலமும் உண்டு. 2018 நவம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஜனாதிபதி மனமின்றியேனும் பணிந்தார். ரணில் விக்கிரமசிங்க மீண்டும் பிரதமரானார். நீதிமன்றத்துக்கு நிர்வாகம் பணிந்ததன் பயனை அனுபவித்த அவரே ஜனாதிபதியாகவும் நிதியமைச்சராகவும் இருந்த காலத்தில் இவ்வாறு நேர்ந்ததைத்தான் என் மனம் ஏற்க மறுக்கிறது.

தேர்தலை நடத்தாமையால் நிதியமைச்சர் என்ற முறையில் அவரும், தேர்தல்கள் ஆணைக்குழுவும் மக்களின் அடிப்படை உரிமைகளை மீறினர் என்று 2024 ஆகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6இல். இரண்டாண்டுக்கு மேலாக இழந்த பிரதிநிதித்துவத்தை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தராது. ஆகவே, தேர்தலுக்கென ஒதுக்கப்படும் பணம் பாராளுமன்றம் வாக்களித்த அன்றே தேர்தல்கள் ஆணைக்குழுவின் கணக்கில் சேரவேண்டும் என்றும், அதைத் தடுக்கும் உத்தியோகத்தர் தம் பெயரால் நீதிமன்றத்தில் பதில் கூறவேண்டும் என்றும் பாராளுமன்றம் சட்டமியற்ற வேண்டும்; 2018இல் ஆயுள் முடிந்த மத்திய மாகாண சபைக்குரிய தேர்தல் அறிவிக்கப்படுவதற்கு முன்பாகவே இயற்ற வேண்டும்.