நரம்பு நுனியில் ஒரு பட்டறை

நகச்சுற்று வந்தவரிடம் வேதாந்தம் பேசிப் பயனில்லை. உலகம் மாயை என்று சொன்னால் தலையை ஆட்டுவார். விரல் மாயை என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார். நேற்றுவரை இதமாயிருந்த வெந்நீர் இன்று அந்த விரலில் பட்டதும் கொதிநீராய்ச் சுடுகிறது. துணி உரசினாலும் உயிர் போகிறது. வெந்நீர் மாறவில்லை, துணியும் மாறவில்லை. பின், மாறியது எது?

சிவத்தல், வீங்குதல், சூடு, வலி என்று அழற்சியின் நான்கு லட்சணங்களை ரோமாபுரியைச் சேர்ந்த ஸெல்ஸஸ் என்பவர் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். முதல் மூன்றும் பிறர் கண்ணுக்கும் கைக்கும் தெரியும். நான்காவது, படுகிறவருக்கு மட்டுமே தெரியும். வலி என்று சொல்பவரைச் சந்தேகிக்கும் வழக்கம் இதனால்தான் வீடுதோறும் நிலைத்திருக்கிறது.

வெகுகாலமாக நரம்பைத் தந்திக் கம்பிக்கு ஒப்பிட்டு வந்தார்கள். இந்த உவமை பாதிதான் சரி. தந்திக் கம்பி துக்கச் செய்தியையும் சுபச் செய்தியையும் ஒன்றுபோலவே சுமக்கிறது. செய்தியினால் கம்பி மாறுவதில்லை. நரம்போ மாறுகிறது.

அழற்சி கண்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் முதலிய வஸ்துக்கள் ஊறுகின்றன. அவற்றின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971ல் காட்டிய ஜான் வேன், 1982ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 1997ல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர், உணர்ச்சி நரம்பிலுள்ள ஒரு புரத வாயிலைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 43 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் அது திறக்கிறது. மிளகாயின் காரம் பட்டாலும் திறக்கிறது. மிளகாய் 'எரிகிறது' என்று நம் வீட்டுப் பெண்மணிகள் சொல்வது சாஸ்திர ரீதியாகவே சரி என்று ஏற்பட்டுவிட்டது! அழற்சி வஸ்துக்கள் பட்டுவிட்டால், அந்த வாயில் குறைந்த சூட்டிலேயே திறந்துகொள்கிறது. வெந்நீர் சுட்ட காரணம் இதுதான்.

ஆனால் சில நிமிஷங்களில் உண்டாகும் இந்த மாறுதல், நாள்கணக்கில் எப்படி நிலைக்கிறது? அதற்குப் புதிய புரதங்கள் வேண்டும். உயிரணுவின் உட்கருவில் புரதங்கள் செய்யும் முறைகளடங்கிய மூல ஏடு இருக்கிறது. வேண்டிய பக்கங்களுக்கு நகல் ஓலைகள் எடுக்கப்படுகின்றன. ஓலையைப் படித்துப் புரதம் செய்யும் தொழிலாளிகளுக்கு ரிபோஸோம் என்று பெயர். கால் விரலுக்குச் செல்லும் நரம்பின் உட்கரு, முதுகெலும்பின் அருகில் இருக்கிறது. அங்கிருந்து விரல் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். நரம்பினுள் மிக வேகமாகச் செல்லும் சரக்கும் நாளொன்றுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர்தான் நகரும். அங்கே செய்து அனுப்பினால் வந்து சேர இரண்டரை நாள் ஆகும். வலி அவ்வளவு பொறுமையாகக் காத்திருப்பதில்லை.

ஆகவே நரம்பு ஒரு யுக்தி செய்கிறது. நகல் ஓலைகளை முன்கூட்டியே நுனிக்கு அனுப்பி வைத்துக்கொண்டு, அவசியம் நேரும்போது அங்கேயே பட்டறையைத் திறந்துவிடுகிறது. 2010ல் அரிஸோனா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள், அழற்சியில் சுரக்கும் நரம்பு வளர்ச்சிச் சத்து, இன்டர்லூகின்-6 ஆகிய இரண்டும் இந்தப் பட்டறையை முடுக்கிவிடுவதைக் காட்டினார்கள். சுண்டெலியின் பாதத்தில் புரத உற்பத்தியைத் தடுத்தபோது, அந்த வஸ்துக்களால் வரும் வலி மிகுதியும் தணிந்தது.

இதனினும் ஆச்சரியமானது ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஜான் லெவின் குழுவினர் கண்டது. ஒரு முறை அழற்சி வந்து முற்றும் ஆறிய எலியின் பாதத்தில் சிறிதளவு புரோஸ்டாகிளாண்டின் செலுத்தினார்கள். சில மணி நேரத்தில் அடங்க வேண்டிய வலி, ஒரு நாளுக்கு மேலும் நீடித்தது. புண்ணை உடல் மறந்தாலும் நரம்பு மறக்கவில்லை! அந்தப் பாதத்திலேயே புரத உற்பத்தியைத் தடுத்ததும் இந்த ஞாபகம் கலைந்துபோயிற்று என்று 2013ல் வெளியிட்டார்கள்.

அப்படியானால் வலியை அடியோடு ஒழித்துவிடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். அது ஆபத்து. நரம்பு வளர்ச்சிச் சத்தை ஏற்கும் புரதம் பழுதாகிப் பிறக்கும் சில குழந்தைகளுக்கு வலியே தெரிவதில்லை. அவர்கள் தம் நாக்கைத் தாமே கடித்துக்கொள்கிறார்கள். எலும்பு முறிந்தும் ஓடுகிறார்கள். முழங்கால் வலிக்காக அந்தச் சத்தையே தடுக்கும் டானெஸுமாப் என்ற மருந்தும் பரீட்சிக்கப்பட்டது. வலி குறைந்தது; ஆனால் சிலருக்கு மூட்டு விரைவாகத் தேய்ந்தது. 2021ல் அமெரிக்க ஆலோசனைக் குழு அதற்கு எதிராக வாக்களிக்க, அம்முயற்சி கைவிடப்பட்டது. காவற்காரனை வைத்துக்கொண்டு அவனுடைய வீண் கூச்சலை மட்டும் அடக்க வேண்டும். பட்டறை ஆராய்ச்சியின் நோக்கம் அதுவே. எலிகளிடம் கண்டது மனிதருக்கு மருந்தாக வர நெடுந்தூரம் செல்லவேண்டும்.

மருந்துக்குக் காத்திருக்கலாம், நியாயத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வீக்கம் வடிந்த பிறகும் மூட்டைப் பிடித்துக்கொண்டு முனகும் பாட்டியிடமோ, வேலையை வைத்துவிட்டு உட்காரும் மருமகளிடமோ, "இன்னுமா வலி? எல்லாம் மனப்பிராந்தி" என்று சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்திலும் நரம்பு நுனியில் பட்டறை ஓடிக்கொண்டிருக்கலாம். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் நம்புவோம். அதற்கு மருந்துச் சீட்டு வேண்டியதில்லை.