முதல் பைக்கை யாருடைய அளவுக்கு வாங்குகிறோம்?



உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டால் எங்கள் ஊர்களில் அடுத்த பேச்சு பைக்தான். "3 ஏ எடுத்தா ஆர்15 எடுத்துத் தாறன்" என்று மகனுக்கு வாக்குக் கொடுத்த வாப்பாமார் பலரை எனக்குத் தெரியும். பரிசு கொடுப்பதில் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பிள்ளை அதுவரை மிதிசைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டியதில்லை, அதுதான் கவலை.

நாங்கள் லைசன்ஸ் எடுக்கும் விதத்தைப் பாருங்கள். ட்ரையலுக்கு லேர்னர்ஸ்காரர் சின்ன பைக் ஒன்றைத் தருவார். கால் ஊன்றாமல் அதில் எட்டுப் போட்டால் பாஸ். எட்டுப் போடச் சின்னதுதான் சுகம் என்று எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் பாஸாகி வந்த பிள்ளைக்கு வீட்டு வாசலில் நிற்பது 150 சிசி. சந்தை நாளில் கல்முனை பிரதான வீதியில் ஆட்டோவும் பஸ்ஸும் மாடும் ஒன்றாக வரும்போது தேவைப்படுவதும் அந்தச் சின்ன பைக்கின் சுகம்தானே?

பைக் பார்க்கப் போனால் சிசியைக் கேட்பதற்கு முன், பிள்ளையை அதன் மேல் ஏற்றி இருத்துங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படுகிறதா? நுனிவிரல் மட்டும் பட்டால் அது அவனுக்குரிய பைக் இல்லை. ஆர்15இன் இருக்கை கிட்டத்தட்ட 32 அங்குல உயரம்; டியோவில் அது 30. இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். எங்கள் வீதியோரங்களில் கடல்மணல் படிந்திருக்கும், பிரேக் பிடித்து நிறுத்தி ஒரு கால் வைக்கும்போது அந்த இரண்டு அங்குலம் விளங்கும்.

அடுத்ததாக, என்ஜினை நிறுத்திவிட்டு பின்பக்கமாகத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். பல்சர் 150 ஒன்று 140 கிலோவுக்கு மேல். ஸ்ப்ளென்டர் 110 கிலோ சொச்சம், டியோ 105 அளவு, ஸ்கூட்டி பெப் 95 அளவு. சாயத் தொடங்கிய பைக்கைப் பிடித்து நிறுத்தப் போவது ஒல்லியான ஒரு பதினெட்டு வயதுக் கை என்பதை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

சின்னது என்றால் ஸ்கூட்டர் மட்டும்தான் என்றும் இல்லை. டவுனுக்குள் ஓட ஸ்கூட்டர் நல்லது, கியர் மாற்றும் தலையிடி கிடையாது. ஆனால் அதன் சக்கரம் சின்னது, குழியில் விழுந்தால் ஹேண்டில் உதறும். சம்மாந்துறைப் பக்கம் வயல் பாதையில் தினமும் போகிறவருக்கு 18 அங்குலச் சக்கரமுள்ள ஸ்ப்ளென்டர் மாதிரி ஒன்றுதான் என் தெரிவு. பழைய ஹோண்டா சாலியையும் ஃபிஃப்டியையும் கேலி செய்யாதீர்கள். எங்கள் மூத்தவர்கள் எத்தனையோ பேர் அதில்தான் பழகினார்கள்.

இப்போது டீச்சர்மார் விசயம். முதல் நியமனம் பஸ் போகாத ஊருக்குக் கிடைத்து, சம்பளத்தில் பெரும்பங்கை ஆட்டோவுக்குக் கொடுக்கும் தங்கச்சிமார் எத்தனை பேர்! "பொம்புளப் புள்ள ஸ்கூட்டி ஓட்றதா" என்று முணுமுணுப்பவர்கள் அந்த ஆட்டோக் காசைக் கொடுப்பதில்லை. ஓட்டட்டும். ஆனால் அபாயாவைக் கவனிக்க வேண்டும். ஸ்கூட்டரில் செயின் வெளியே இல்லை, கால் வைக்க முன்னால் தட்டு இருக்கிறது, அதனால் அதுதான் தோது. ஓரத்தை ஒதுக்கி இருக்கைக்கு அடியில் அமத்திக்கொண்டு ஏறுங்கள், ஷோலின் நுனியைப் பின்னால் தொங்கவிடாதீர்கள். ஹெல்மட் வாங்கும்போது ஹிஜாபோடு போட்டுப் பார்த்தே வாங்குங்கள். தம்பிமாரே, உங்களுக்கும் ஒன்று: ஸ்டைலுக்காக சாரி கார்டைக் கழற்றாதீர்கள். பின்னால் ஏறப்போவது உங்கள் உம்மா.

லைசன்ஸ் பற்றிச் சிலருக்குக் குழப்பம் இருக்கிறது. ஏ1 வகுப்பு 100 சிசி வரைதான். ஸ்ப்ளென்டரும் ஸ்கூட்டி பெப்பும் அதற்குள் அடங்கும். டியோ பார்க்கச் சின்னதாக இருந்தாலும் 109 சிசி, அதற்கு ஏ வேண்டும். எடுப்பதென்றால் ஏ வகுப்பையே எடுத்துவிடுங்கள்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020இல் இறக்குமதி நின்று 2025இல் திறக்கும்வரை பழைய பைக்கெல்லாம் பொன்விலை விற்றது. அந்தப் பழக்கத்தில் "இப்ப எடுக்காட்டி பிறகு ஏலாது" என்று பெரிய பைக்கை லீசிங்கில் எடுக்கிறார்கள். வட்டி பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஜும்ஆவில் கேட்டிருப்பீர்கள். கையில் உள்ள காசுக்கு நல்ல பராமரிப்பிலுள்ள 100 சிசி ஒன்றை எடுத்து, ஒரு மாரியும் ஒரு கோடையும் ஓடட்டும். மழையில் எப்படிப் பிரேக் பிடிப்பது, இரவில் வீதியில் படுத்திருக்கும் மாட்டை எவ்வளவு தூரத்தில் காண்பது என்பதெல்லாம் அதற்குள் பிடிபடும். அதற்குப் பிறகும் ஆர்15தான் வேண்டும் என்றால், தன் உழைப்பில் வாங்கட்டும்.

பிள்ளைக்கு பைக் பார்க்கப் போகிறவர்கள் இந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மைதானத்துக்கு அவரையும் கூட்டி வாருங்கள். என் ஸ்ப்ளென்டரில் ஏறித் தள்ளிப் பார்க்கலாம்.