எலுமிச்சையா, தலைக்கவசமா?

பழம் நசுங்கிற்று! கூடியிருந்தோர் முகம் மலர்ந்தது! முன்புறம் குங்குமம் அப்பிய புது மோட்டார் சைக்கிள், மேலே மாலை, கைப்பிடியிலே கறுப்புக் கயிறு, சக்கரத்தின் கீழே சிதறிய சாறு. "இனிப் பயமில்லை" என்றார் பெரியவர் ஒருவர்.

எதற்கு இனிப் பயமில்லை? எதிரே வரும் லாரிக்கா? மழை கழுவிய சாலை வழுக்கலுக்கா? கிளட்ச் எது, கியர் எது என்று அன்றைக்குத்தான் கேட்டறிந்த அந்த வாலிபனின் பதற்றத்துக்கா? கேட்கக்கூடாது! கேட்டால், படித்த திமிர் என்பர்.

கடலூரில், வண்டி விற்கும் நிலையமொன்றின் வாயிலிலே நான் கண்ட காட்சி இது. அந்த வண்டி என்னுடையதன்று. எனக்கு முன்னே நின்றவருடையது. அடுத்தது என் முறை.

முதுநகரிலிருந்து நாள்தோறும் பேருந்துக்குக் காத்திருந்து, பள்ளி மணி அடித்த பின் ஓடிச் சேர்ந்து அலுத்தவள் நான். மூன்றாண்டுச் சம்பளத்திலே மிச்சம் பிடித்து ஒரு வண்டி வாங்கத் துணிந்தேன். துணிந்த அன்றே தொடங்கிற்று ஆராய்ச்சி! எந்த வண்டி, எத்தனை எடை, என் கால் தரையில் ஊன்றுமா என்ற ஆராய்ச்சியன்று. ஆடியில் ஆகாது என்றார் மாமா. மார்கழியும் ஆகாது என்றார் அத்தை. சனிக்கிழமை இரும்பு வாங்கினால் சனி தொடரும் என்றார் அடுத்த வீட்டுக்காரர். எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வரவே கூடாதாம்! அத்தனை பேரிலே ஒருவர், ஒரே ஒருவர், "உனக்கு ஓட்டத் தெரியுமா, அம்மா?" என்று கேட்டாரில்லை.

வேடிக்கையைக் கேளுங்கள், தோழர்களே! 1885ஆம் ஆண்டு செருமனியிலே டைம்லரும் மேபாக்கும் மரச்சட்டத்திலே எந்திரத்தைப் பூட்டி ஓடவிட்டார்களே, அன்று அவர்கள் புரட்டிய பஞ்சாங்கம் எது? 1955இல் நம் திருவொற்றியூரிலே என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது; புல்லட் வண்டிகள் அங்கே உருவாயின. நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் இராகு காலம் என்று தொழிற்கூடத்தில் எந்திரங்கள் ஓய்ந்துவிடுகின்றனவா? இல்லை! இராகு காலத்திலே திருகாணி முடுக்கப்படுகிறது. எமகண்டத்திலே லாரியில் ஏற்றப்படுகிறது. ஆடி வெள்ளத்திலே ஊர் வந்து சேர்கிறது. அப்போதெல்லாம் அண்டாத தீமை, கடை வாயிலைத் தாண்டும்போது மட்டும் காத்திருந்து கவ்வுமாம்!

இது வெறும் நகைப்புக்குரிய செய்தியாக இருந்தால், நகைத்துவிட்டு நடந்திருப்பேன். நகைக்க முடியவில்லை. என் வகுப்பிலே ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது.

பதினேழு வயது. தேர்விலே நல்ல மதிப்பெண் பெற்றால் வண்டி என்று தந்தை வாக்களித்தார், மகன் பெற்றான், தந்தை வாங்கித் தந்தார். நாள் பார்த்தார்கள். நல்ல நேரம் பார்த்தார்கள். இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு கனி வைத்தார்கள். தலைக்கவசம் வாங்கவில்லை. அந்த வண்டிக்கு உரிமமோ, அந்த வயதுக்குக் கிடையாது. பதினோராம் நாள், சிதம்பரம் சாலையில், ஆலப்பாக்கத்துக்கு அப்பால் வீழ்ந்தான். தலையில்தான் அடி.

இழவு வீட்டிலே என்ன பேசினார்கள் தெரியுமா? "விதி" என்றார்கள். விதி! விதிதான் முடிவு செய்யும் என்றால், நேரம் பார்த்தது ஏன்? நேரம் காக்கும் என்றால், விதி புகுந்தது எப்படி? இரண்டிலே ஒன்று பொய்யாக வேண்டும். இரண்டுமே பொய் என்று சொல்ல அந்தத் தாயின் முன் எனக்கு நா எழவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்காகவே இதை எழுதுகிறேன். சாலை வளைவிலே 'ஏதோ இருக்கிறது' என்று பிறகு பரிகாரமும் செய்தார்கள். இருந்தது உண்மை: சரளை மண் இருந்தது, அது இன்னும் இருக்கிறது.

இதே துயரை இன்னொரு நாடு எப்படி எதிர்கொண்டது பாருங்கள். 1935ஆம் ஆண்டு மே மாதம், அரேபியப் போர்க்களத்தில் பெயர் பெற்ற டி.இ. லாரன்ஸ், இங்கிலாந்திலே மோட்டார் சைக்கிளில் விரைந்தார்; எதிர்ப்பட்ட இரு சைக்கிள் சிறுவர்மீது மோதாதிருக்க ஒதுங்கினார்; தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவரைக் கவனித்த மருத்துவருள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ், மூளை அறுவை மருத்துவர். அவர் "விதி" என்று கைகழுவவில்லை. மோட்டார் சைக்கிளில் சென்று தலையுடைந்தோரை ஒவ்வொருவராக ஆராய்ந்தார். 1941இல் தலைக்கவசத்தின் இன்றியமையாமையை மருத்துவ ஏட்டிலே எழுதினார். அவ்வாண்டே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரருக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. ஒரு சாவு அங்கே ஆராய்ச்சியாயிற்று, இங்கே பூசணிக்காயாயிற்று!

கவசம் அணிந்தால் விபத்தில் சாவு வாய்ப்பு ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காய வாய்ப்பு 69 விழுக்காடும் குறைகின்றன என்று, பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கியோர் கணித்தனர். எலுமிச்சைக்கு இப்படியொரு கணக்கு உண்டா? 2022ஆம் ஆண்டிலே மட்டும் இந்தியாவில் கவசமின்றிச் செத்தவர் 50,029 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவருள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்.

அந்தப் பின்னிருக்கையைச் சற்று உற்று நோக்குங்கள். ஓட்டும் ஆண்மகன் கவசம் அணிந்திருக்கிறார், காவலருக்கு அஞ்சியேனும். பின்னே மனைவி, மடியிலே குழந்தை, தலையிலே மல்லிகை! வீட்டுக்காரிக்குத் தலை கிடையாதா? தாலி காக்கும் என்ற எண்ணமா? சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, பின்னிருப்போரையும் சேர்த்தே கவசம் அணியச் சொல்கிறது. சட்டம் அவளை மறக்கவில்லை, கணவர் மறந்தார்.

"பெண்ணுக்குக் கியர் வண்டியா?" என்று என்னிடமும் கேட்டார்கள். 1991இல் புதுக்கோட்டையிலே அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகிய நாளிலும் இப்படித்தான் கேலி பேசினர். கேலி ஓய்ந்தது, சைக்கிள் ஓடியது.

நானும் பழகினேன். பழகுநர் உரிமம் பெற்று முப்பது நாள் கழித்தே தேர்வுக்குச் செல்ல முடியும். அந்த முப்பது நாளும் மஞ்சக்குப்பம் மைதானத்திலே விடியற்காலையில், தம்பியின் பழைய வண்டியில் பயின்றேன். அங்கேயும் ஒரு மூடநம்பிக்கை காத்திருந்தது! "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறியும்" என்றனர் அறிவுரையாளர். எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியர் விளக்கினார்: வேகம் தணியும்போது பாரம் முன்சக்கரத்துக்குச் சாய்கிறது, ஆகவே நிறுத்தும் வலிமையின் பெரும்பகுதி முன் பிரேக்கிலேதான். வெடுக்கென்று பிடித்தால் வீழ்வோம். படிப்படியாக இரண்டையும் அழுத்தினால் நிற்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகமென்றால், ஆபத்தைக் கண்டு கை அசையும் ஒரு நொடிக்குள் வண்டி பதினேழு மீட்டர் கடந்துவிடும். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. இதைப் பஞ்சாங்கத்தின் எந்தப் பக்கத்திலே அச்சிட்டிருக்கிறார்கள்?

என் முறை வந்தது. சனிக்கிழமை, காலை ஒன்பதரை, இராகு காலத்தின் நடுவே. நானே கேட்டுத் தேர்ந்த நேரம், கூட்டமில்லை. நிலையத்தார் இரண்டு எலுமிச்சங்கனிகளை நீட்டினர். தலைக்கவசம் எங்கே என்றேன். விழித்தனர். வண்டியோடு தரமுடைய கவசமும் தரவேண்டும் என்பது விதி என்று நினைவூட்டிய பின், உள்ளேயிருந்து ஒன்று வந்தது. இன்னொன்றுக்குக் காசு கொடுத்தேன், அம்மாவுக்காக.

அம்மா கவசத்தைக் கையிலேந்திச் சற்றுத் தயங்கினார். "பூ கசங்குமே" என்றார். பிறகு பூவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கவசத்தை அணிந்து, வார்ப்பட்டையை இறுக்கி, பின்னே ஏறி அமர்ந்தார். முதுநகர்வரை முப்பதைத் தாண்டவில்லை. கனிகளையும் அவர் விட்டுவரவில்லை. மறுநாள் எங்கள் வீட்டில் எலுமிச்சைச் சோறு.