கேட்கத் தகுந்ததைக் கேட்போம்
மும்பைத் தமிழ் மென்பொருள் தொழிலாளர்களின் கொள்கைப் பிரகடனம்

தாராவிக்குத் தோல் பதனிட வந்த நெல்லைச் சீமைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறி, டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு ரயிலேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் எங்களில் உண்டு. இன்று எங்கள் பிழைப்பு மென்பொருள். ஒருவர் எழுதிய நிரலை (கோட்) இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அது மக்கள் கைக்குப் போகிறது. அந்தப் படித்துப் பார்க்கும் வேலைக்கு உரிய மதிப்பை மீட்பதற்காக இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்கள் குறை

கோட் ரிவ்யூவுக்கு இன்று செக்லிஸ்ட் இல்லாத அலுவலகம் குறைவு. ‘கோட் தெளிவாக இருக்கிறதா?’ ஆம். ‘தரமாக இருக்கிறதா?’ ஆம். ‘சோதித்தாயிற்றா?’ ஆம். ஃபைலைத் திறக்காமலே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிடலாம். இப்படிப்பட்ட பட்டியல் யாரையும் காப்பாற்றாது. பிழை வெடித்த பிறகு ‘நாங்கள் டிக் போட்டிருக்கிறோமே’ என்று காட்ட மட்டும் உதவும்.

பிழைக்கு விலை கொடுப்பவர் வெளியே இருக்கிறார். தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா-குர்லா வளாகம். தேசியப் பங்குச் சந்தை அங்கேதான் இருக்கிறது. 2012 அக்டோபர் 5 காலையில் ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறான 59 ஆர்டர்கள் அந்தச் சந்தைக்குள் போயின. மதிப்பு 650 கோடி ரூபாய்க்கு மேல். அந்தச் சந்தையின் நிஃப்டி குறியீட்டெண் கண்மூடித் திறப்பதற்குள் 15 சதவீதத்துக்கும் அதிகமாகச் சரிந்தது, வர்த்தகம் நின்றது. கை தவறுவது மனித இயல்பு. ‘இங்கே கை தவறினால் எது தடுக்கும்?’ என்று முன்கூட்டியே கேட்பது எங்கள் தொழில்.

நல்ல பட்டியலால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன், கோடை முறையாக ஆய்வு செய்யும் வழியை 1976இல் எழுதி வெளியிட்டார். எந்த வகைப் பிழை அடிக்கடி வருகிறது என்று கணக்கெடுத்து, அதைத் தேடுவது அவர் முறை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பட்டியலில் இருப்பவை 19 வரிகளே. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது.

எங்கள் கொள்கைகள்

1. பட்ட அடியிலிருந்தே கேள்வி பிறக்க வேண்டும். நடந்த ஒரு பிழையைச் சுட்ட முடியாத கேள்விக்குப் பட்டியலில் இடமில்லை. ஏரியன் 5 ராக்கெட் 1996 ஜூன் 4 அன்று கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. ஏரியன் 4க்கு எழுதிய கோடை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தைக் குறித்த எண் பழைய 16 பிட் அளவுக்குள் அடங்கவில்லை. அதிலிருந்து நாங்கள் எடுக்கும் கேள்வி: ‘வேறு இடத்திலிருந்து கொண்டுவந்த கோட், இந்த இடத்தின் அளவுகளைத் தாங்குமா?’

2. இயந்திரம் பார்க்கக்கூடியதை மனிதரிடம் கேட்கக் கூடாது. இடைவெளி, அடைப்புக்குறி, பயன்படாத மாறி எல்லாவற்றையும் லிண்டர் என்ற தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும். மனிதக் கண் மனிதக் கண்ணுக்கு உரிய வேலையைச் செய்யட்டும்.

3. ‘ஆம்’ என்ற ஒற்றைச் சொல்லில் பதில் முடியக் கூடாது. ‘பிழைகளைக் கையாண்டாயிற்றா?’ என்று கேட்டால் தலையாட்டிவிட்டுப் போகலாம். ‘பணம் கட்டும் பொத்தானை அழுத்தியதும் நெட் போய், வாடிக்கையாளர் மறுபடி அழுத்தினால், பணம் இரண்டு முறை போகாமல் எந்த வரி தடுக்கிறது?’ என்று கேட்டால் அந்த வரியைக் காட்டியே ஆக வேண்டும். தாராவியின் 90 அடி சாலைக் கடைக்காரருக்கு அந்த வரிதான் பாதுகாப்பு.

4. பயன்படுத்துபவரின் பெயரும் எழுத்தும் பட்டியலில் இருக்க வேண்டும். எங்கள் பெற்றோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்று படிவம் அடம்பிடித்தால் ஒருவர் புள்ளி வைக்கிறார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார். பிறகு வங்கியில் ஒரு பெயர், பான் அட்டையில் ஒரு பெயர். இன்னொன்றும் பாருங்கள்: கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். பெயருக்கு 20 பைட் ஒதுக்கிய பெட்டியில் ‘முத்துலட்சுமி’ என்று எழுதினால், ‘முத்து’ மட்டும் தங்கும். பின்னால் ஓர் எழுத்தின் உடைந்த துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து உலகெங்கும் ஐபோன் செயலிகளை முடக்கியது. ஆகவே எங்கள் கேள்வி: ‘குடும்பப் பெயர் இல்லாத ஒருவரின் பெயரைத் தமிழிலும் தேவநாகரியிலும் போட்டுப் பார்த்தீர்களா? முடிவைக் காட்டுங்கள்.’

5. பட்டியல் குட்டையாக இருக்க வேண்டும். 12 கேள்விகளுக்கு மேல் வேண்டாம். புதிதாக ஒன்று நுழைய வேண்டுமானால் பழையது ஒன்று வெளியேறட்டும். நெடுநாளாக ஒரு பிழையையும் பிடிக்காத கேள்வி முதலில் போகட்டும்.

6. கேள்வி கோடைப் பார்த்து இருக்க வேண்டும். ‘ஏன் இப்படி எழுதினாய்?’ என்பது விசாரணை. ‘இந்த வரிக்கு வெற்றுப் பதில் வந்தால் என்ன நடக்கும்?’ என்பது ரிவ்யூ. நேற்று சேர்ந்த பெண் மேலாளரின் கோடிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். மேலாளர் அதே மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் தீர்மானங்கள்

பிழை நேர்ந்தால், அதைத் திருத்துவதோடு விடாமல் எந்தக் கேள்வி அதைப் பிடித்திருக்கும் என்று எழுதிவைப்போம். படிக்காத கோடுக்கு ஒப்புதல் தர மாட்டோம். ரிலீஸ் அவசரம் என்று நெருக்கினாலும் தர மாட்டோம். எங்கள் கேள்விப் பட்டியலைத் தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் எழுதி, யார் கேட்டாலும் இலவசமாகக் கொடுப்போம். தண்ணீர் பிடிக்க முறை வந்ததும் சொல்லும் செயலியைத் தாராவிச் சிறுமிகள் செய்து காட்டியிருக்கிறார்கள். தன் தெருவின் தேவை தெரிந்தவரால் நல்ல கேள்வி கேட்க முடியும் என்பதற்கு அவர்களே அத்தாட்சி. கோட் எழுதக் கற்கும் தாராவிப் பிள்ளைகளுக்கு முதல் பாடத்தோடு சேர்த்தே கேள்வி கேட்கவும் சொல்லித்தருவோம்.

தோழர்களே, இந்த நகரத்தில் எங்கே வேலை செய்தாலும் சரி, நாளைக் காலை உங்கள் அலுவலகச் செக்லிஸ்டைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும், அது பிடித்த பிழை ஒன்றை எழுதுங்கள். எழுத முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில், உங்களை நம்பிப் பொத்தானை அழுத்துகிறவர் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை எழுதுங்கள். அதைச் செய்தவர் எவராயினும் இந்த இயக்கத்தின் உறுப்பினர்.