கணக்கில் வராத வேலையின்மை

வேலையின்மை குறைந்துவிட்டது என்ற செய்தியை வடசென்னை மக்கள் சற்றுச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் வார நிலைக் கணக்கு என்று ஒன்று உண்டு. கடந்த 7 நாட்களில் ஏதேனும் ஒரு நாளில் 1 மணி நேரம் வேலை செய்திருந்தாலே, அதன்படி அவர் வேலையில் இருப்பவர். ஒரு நாள் லோடு இறக்கிவிட்டு ஆறு நாள் வீட்டில் இருப்பவரும் இதில் அடக்கம்.

இதே பகுதியில்தான் ஒரு காலத்தில் வேறு விதமான நியாயம் இருந்தது. துறைமுகத் தொழிலாளர்களுக்கான 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பதிவேட்டில் கொண்டுவந்தது. கப்பல் வராத நாளிலும் அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் கிடைக்க வழி செய்தது. வேலையில்லாத நாளின் சுமை தொழிலாளியின் தலையில் மட்டும் விழக்கூடாது என்பதே அதன் பொருள். இன்று அந்தச் சுமை முழுவதும் தொழிலாளியின் தலையில்தான்.

ஆலைகளும் ஒவ்வொன்றாகப் போயின. பெரம்பூர் பின்னி ஆலை மூடப்பட்டது. திருவொற்றியூர் விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயர் மெட்ரோ நிலையத்தில் இருக்கிறது. 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டது. நீதிமன்றத் தீர்ப்பால் 2011-இல் சென்னைத் துறைமுகம் நிலக்கரி கையாள்வதை நிறுத்தியது. ராயபுரத்தின் மூச்சுக்கு அது அவசியமான தீர்ப்பு. ஆனால் நிலக்கரி இறங்கும் எண்ணூரில் சுமப்பது கன்வேயர், ஆட்கள் அல்ல.

தலித் குடும்பங்களுக்கு இதில் இழப்பு இரட்டிப்பு. தமிழக அரசுப் பணியில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். இந்த உரிமை தனியார் ஒப்பந்ததாரரின் வாசலில் நின்றுவிடுகிறது. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் கூறிவிட்டது. அரசுப் பணி ஒன்று ஒப்பந்தத்துக்குப் போகும்போது, சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே இடஒதுக்கீடு கரைகிறது.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு நடந்தது இதன் தொடர்ச்சிதான். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் அமர்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், பெண்களே அதிகம். மாதம் சுமார் 23,000 ரூபாயாக இருந்த ஊதியம் 17,000 ரூபாய்க்கும் கீழே போகும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் காலைச் சிற்றுண்டி, காப்பீடு, பிள்ளைகளின் கல்விக்கு உதவி என அரசு அறிவித்தது. வரவேற்கலாம். ஆனால் அவர்கள் கேட்டது பணி நிரந்தரம்.

குப்பை அள்ளுவதை நிரந்தரமாக்கினால் சாதித் தொழிலை நிரந்தரமாக்குவது ஆகாதா என்றும் கேட்கப்பட்டது. நேர்மையான கேள்விதான். ஆனால் ஒப்பந்ததாரரிடம் போனாலும் குப்பை அள்ளுவது அதே கைகள்தாம். குறைவது கூலி மட்டுமே. பிள்ளையை அந்த வேலையிலிருந்து மீட்பது கல்லூரிக் கட்டணம். அதைக் கட்ட வைப்பது தாயின் நிலையான சம்பளம்.

அரசு செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. மாநகராட்சி, மின்வாரியம், துறைமுகங்களில் ஒப்பந்தத்தில் உழைப்பவர் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் ஆளும் ஊதியமும் மாறாது என்பது ஒப்பந்த நிபந்தனையாக வேண்டும். ஆண்டு முழுவதும் நடக்கும் பணிகளில் நிரந்தர நியமனமும் இடஒதுக்கீடும் திரும்ப வேண்டும்.

எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்று எண்ணினால் போதாது. அடுத்த மாதமும் அந்த வேலை இருக்குமா என்றும் எண்ண வேண்டும்.