தான்றி மரத்தடியில் ஒரு பண்டமாற்று

நளன் கதையில் நம்மில் பலர் வேகமாகப் புரட்டிப் போய்விடும் இடம் ஒன்று உண்டு. உருவம் மாறிய நளன் வாகுகன் என்ற பெயரில் அயோத்தி வேந்தன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். விதர்ப்பத்துக்கு விரையும் வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் வேந்தன் அதன் இலைக்கும் காய்க்கும் கணக்குச் சொல்கிறான். தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கிறது. உடனே ஒரு பண்டமாற்று நடக்கிறது. நளன் தன் குதிரை வித்தையைக் கொடுத்துச் சூதின் நுட்பத்தைப் பெற்றுக்கொள்கிறான். பழங்காலத்தில் தான்றிக் காய்களே சூதாடு காய்களாக இருந்தன என்பதையும் சேர்த்து வாசித்தால் அந்த மரம் அங்கே சும்மா நிற்கவில்லை என்பது புரியும். நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயன் ஹாக்கிங்கும் இக்காட்சியில் நின்று நிதானித்தவரே.

குதிரையை அறிந்தவன் சூதில் நாட்டையே இழந்தான். சூதை அறிந்தவனுக்குக் குதிரையைச் செலுத்தத் தெரியவில்லை. இரண்டும் வேறுவேறு வித்தைகள். கதை இதில் தெளிவாக இருக்கிறது. நமது சட்டம்தான் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது என்று நாங்கள் கருதுகிறோம்.

கிண்டியில் குதிரைப் பந்தயம் 1777இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் உருவாயிற்று. கலைஞர் கருணாநிதியின் ஆட்சியில் 1974இல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986இல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். நீண்ட வழக்குகளுக்குப் பின், டாக்டர் கே.ஆர்.லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறனைச் சார்ந்தது, அது சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் இரண்டு திறன்கள் அருகருகே வந்து நிற்கின்றன. குதிரையும் ஜாக்கியும் பயிற்சியால் பெற்ற ஆற்றல் ஒன்று. குதிரையின் வம்சம், முந்தைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, தூரம், ஜாக்கி ஆகியவற்றைக் கொண்டு முடிவைக் கணிக்கும் ஆற்றல் மற்றொன்று. முதலாவதை எவரும் மறுக்க இயலாது. ஆனால் ஜாக்கியின் தொடை வலிமை, கம்பிக்கு வெளியே டிக்கெட்டோடு நிற்பவரின் திறனாக எப்படி மாறும்?

இரண்டாவது ஆற்றலைக் குறைத்துச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. ரேஸ் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்களோடு பேசிப் பாருங்கள். பாட பேதம் பார்க்கும் பதிப்பாசிரியரிடம் பேசுவது போலவே இருக்கும். ‘ஹாண்டிகாப்’ என்ற சொல்லே இரட்டை வாழ்க்கை வாழ்கிறது. நம் நாட்டிலும் இங்கிலாந்திலும் ஹாண்டிகாப்பர் என்பவர் அதிகாரி. வலுவான குதிரைக்குக் கூடுதல் எடையேற்றி, ஏட்டளவிலாவது எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் எல்லைக் கம்பத்தை அடையும்படி செய்ய வேண்டியவர். அமெரிக்காவிலோ அச்சொல் பழைய ஓட்டங்களை வாசித்து வெற்றியாளரைக் கணிக்கும் பந்தயக்காரரைக் குறிக்கும். ஒருவர் எல்லாவற்றையும் சமமாக்கப் பார்க்கிறார். மற்றவர் அந்தச் சமத்தில் விரிசல் எங்கே என்று தேடுகிறார். அங்கே ‘குவார்ட்டர் ஹார்ஸ்’ என்றொரு இனம் உண்டு. கால் மைல் ஓட்டத்தில் பெயர் வாங்கியதால் வந்த பெயர். (தமிழில் ‘கால் குதிரை’ என்றால் நொண்டிக் குதிரை என்று நினைத்துக்கொள்வார்கள்!) 440 கெஜத்தை இருபத்தொரு விநாடி சொச்சத்தில் ஓடி முடித்துவிடும். கதவு திறக்கும்போது ஒரு தடுமாற்றம் நேர்ந்தால் அதை ஈடுசெய்யத் தூரம் மிச்சமிராது. அதனால் அந்தப் பந்தயத்தின் வாசகர்கள் குதிரை புறப்படும் விதத்தையே வரிக்கு வரி வாசிக்கிறார்கள். நம்மூர்ப் பந்தயங்களில் ஓடும் தரோபிரெட் குதிரைகளுக்குத் தூரம் அதிகம், ஆகவே காரணிகளும் அதிகம்.

ஹார்வர்டில் சாசர் தேர்வைக் கைவிட்டு பெல்மாண்ட் பந்தயத்துக்குப் போன கதையைத் தானே சொல்லியிருப்பவர் ஆண்ட்ரூ பேயர். 1975இல் வெளியான அவரது நூல் ஓட்ட நேரங்களை ஒப்பிடத்தக்க எண்களாக்கும் முறையைப் பரவலாக்கியது. ஹாங்காங்கில் கணினியைக் கொண்டு பெரும் பணம் ஈட்டிய பில் பென்டர் 1994இல் தன் முறையைக் கட்டுரையாகவே எழுதினார். அதில் எங்களை நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. குதிரைகளைப் பற்றிய காரணிகள் மட்டும் போதவில்லை. கூட்டத்தின் பணம் எந்தக் குதிரையின் மேல் எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. அதாவது, திறனின் உச்சியில் நின்றவர் குதிரையை மட்டும் வாசிக்கவில்லை, பிறர் செய்யும் பிழையையும் சேர்த்தே வாசித்தார். இருதுபன்னன் கற்றுக்கொடுத்த வித்தை இதுதான்.

கணக்கைச் சற்று விரித்துப் பார்க்கலாம். ஐந்து குதிரைகள் ஓடுகின்றன. ஒரு ரூபாய் வைத்தால் முறையே ஒன்றரை, இரண்டு, நான்கு, ஐந்து, ஒன்பது ரூபாய் லாபம் என்று புக்கி விலை சொல்கிறார். எந்தக் குதிரை வென்றாலும் உங்கள் கைக்கு 100 ரூபாய் திரும்ப வர வேண்டுமானால், ஐந்தின் மேலும் முறையே ஏறத்தாழ 40, 33, 20, 17, 10 ரூபாய் வைக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், 120 வருகிறது. நூறு ரூபாயைப் பெற 120 ரூபாய் விலை! டோட்டில் புக்கி இல்லை. வசூலான பணத்திலிருந்து கிளப்பும் அரசும் பிடித்தது போக மீதியை வென்றவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எந்த வழியானாலும், கட்டுபவர்கள் எல்லோரையும் ஒரே ஆளாகப் பாவித்தால் அந்த ஆள் ஒவ்வொரு பந்தயத்திலும் தோற்றே தீர வேண்டும். பந்தயத்துக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 40 ஆயிற்று. அதுவும் கட்டிய பணத்தின் முழு மதிப்பின் மீது.

இங்கே திறன் என்ன செய்யும்? அந்தப் பிடித்தத்தை அதனால் தொட முடியாது. தோல்வியை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்ற மட்டுமே முடியும். கெட்டிக்காரர் ஒருவர் ஆண்டு முழுவதும் லாபம் பார்க்கிறார் என்றால், கெட்டிக்காரர் அல்லாதோர் கிளப்பின் பங்கோடு அவருடைய லாபத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். ஆக, ‘இது திறன் விளையாட்டு’ என்ற வாக்கியம் திறன் இல்லாதவருக்குத் தரப்படும் ஆறுதல் அன்று, எச்சரிக்கை. நீதிமன்றத்தில் அது சான்றிதழாக வாசிக்கப்பட்டது.

அந்தச் சான்றிதழ் கிண்டியோடு நின்றிருந்தால் நாங்கள் இதை எழுதப் போவதில்லை. எங்கள் பனமரத்துப்பட்டியிலிருந்து கிண்டி முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். இங்கே பந்தயக் குதிரையைக் கண்டவர்கள் குறைவு. குதிரை பார்க்க வேண்டுமென்றால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போவார்கள். சுழி பார்த்து, பல் பார்த்து, நடை பார்த்து விலை பேசுவதைக் கேட்பார்கள். அரளி பயிரிடுவோர்க்கும் கணிப்பு அன்றாட வேலைதான். முகூர்த்த நாள் எது, ஆயுத பூஜைக்கு எத்தனை நாள், மழை வருமா, சேலம் பூ மார்க்கெட்டில் வரத்து எப்படி என்று விடியுமுன்னே மனம் ஓடும். இப்படிக் கணித்துப் பழகிய ஊருக்குள்தான் கைப்பேசி வழியாக ‘திறன்’ வந்து சேர்ந்தது.

வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரம்மி பெரும்பாலும் திறன் விளையாட்டு என்று 1967இல் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996இல் லட்சுமணன் வழக்கு வந்தது. இணைய ரம்மிக்குத் தமிழ்நாடு விதித்த தடையை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோது இத்தீர்ப்புகளே துணை நின்றன. கடனும் தற்கொலைகளும் செய்தியான பின் நீதிபதி சந்துரு குழு 2022இல் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் புதிய சட்டம். அதே ஆண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகளே என்று அவற்றுக்கான தடை மறுபடி நீக்கப்பட்டது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறனா தற்செயலா என்று பாராமலே தடைசெய்தது. அதை எதிர்த்தும் வழக்குகள் போயின. அந்தச் சட்டத்தின் எல்லாக் கூறுகளையும் நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் ‘திறனா?’ என்ற கேள்வியை ஓரங்கட்டியது சரியே.

அப்படியானால் கிண்டியையும் மூடிவிடலாமே என்பார்கள். அங்கே குத்தகைப் பாக்கியைக் காட்டி 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைத் திரும்பக் கேட்டது. அது நிலத்தின் வழக்கு. அதைப் பந்தயத்தின் அறம் பற்றிய தீர்ப்பாக வாசிப்பது நேர்மையாகாது. தடையில் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 1974இன் சட்டம் என்ன ஆயிற்று என்பதை மேலே பார்த்தோம். திருக்குறளில் சூது அதிகாரம் தோல்வியை விட வெற்றியைப் பற்றியே முதலில் கவலைப்படுகிறது; கிடைத்த பொருளைத் தூண்டில் இரையாகப் பார்க்கிறது. தூண்டிலை விற்பவர் அதைத் தூண்டில் என்று சொல்லி விற்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ வணிகத்தில் தனிநபர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் நட்டப்பட்டார்கள் என்ற அறிவிப்பைத் தரகர்கள் தம் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி காட்ட வேண்டும் என்று செபி 2023இல் விதித்தது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் 93 விழுக்காட்டினர் இழந்தார்கள் என்று மறு ஆண்டே தன் ஆய்வில் வெளியிட்டது. அதே போன்ற அறிவிப்பு டோட் ஜன்னலுக்கு மேலும், ரேஸ் புத்தகத்தின் முதல் பக்கத்திலும், குதிரைகளின் எடைப் பட்டியலுக்கு முன்பாக, தமிழில் அச்சாகட்டும்: கட்டும் நூறு ரூபாயில் கிளப்புக்கு எவ்வளவு, அரசுக்கு எவ்வளவு, சென்ற பருவத்தில் கட்டியவர்களில் லாபத்தோடு வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர்.