மூடியைத் திறக்காமல் கணக்கா?

உண்டியலைத் திறவாமலே “கணக்கு சரியாக இருக்கிறது” என்று சொல்லுவது கோவில் தர்மகர்த்தாக்களின் வழக்கம் மாத்திரம் என்று நாம் எண்ணியிருந்தோம். அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் எடுத்தபின் மிஞ்சிய கழிவைக் காக்கும் சர்க்கார்களும் அந்த ஜாதிதான் போலும்.

ருஷியாவில் மயாக் என்னுமிடத்தில், 1957 செப்டம்பர் 29-ல், அத்தகைய கழிவுத் தொட்டியொன்று வெடித்தது. குளிரூட்டும் ஏற்பாடு கெட்டு, உள்ளிருந்த நைட்ரேட்டும் அசெட்டேட்டும் காய்ந்து சூடேறின. அசெட்டேட் என்பது காடியின் உப்பு; கரிமப் பொருள். அதுதான் விறகு, நைட்ரேட் அதை எரியச் செய்வது. சோவியத் சர்க்கார் 1989 வரை இதை ஒப்புக்கொள்ளவேயில்லை.

அமெரிக்காவின் ஹான்ஃபோர்டிலோ 177 நிலத்தடித் தொட்டிகள். சுமார் ஐந்தரைக் கோடி காலன் கழிவு. அங்கும் நைட்ரேட் உண்டு, கரிமப் பொருளும் உண்டு. எதில் எவ்வளவு கொட்டினார்கள் என்பதற்குப் பூரணமான ஏடு இல்லை. 101-எஸ்.ஒய் என்னும் தொட்டியில் நீரும் கரிமப் பொருள்களும் சிதைந்து ஹைட்ரஜன் சேர்ந்து, சுமார் 100 நாளுக்கொருமுறை ஏப்பம் விட்டது. 1993-ல் கலக்கும் பம்பை இறக்கிய பிறகே அடங்கிற்று.

ஆகவே அளந்துதான் ஆகவேண்டும். மொத்தக் கரி இவ்வளவு என்றால் போதாது. ஈ.டி.டி.ஏ.விலுள்ள கரி நல்ல விறகு. ஆக்சலேட்டிலுள்ளது பெரும்பாலும் எரிந்து தீர்ந்த சாம்பலுக்குச் சமானம். கனத்த சுவருக்குப் பின்னால் நின்று, இயந்திரக் கையால் மாதிரியைப் பிரித்துச் சோதித்தாலன்றி இது தெரியாது. செலவு அதிகந்தான். தொட்டிக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் “உள்ளே என்ன?” என்று கேட்டால், செலவைக் காட்டியா பதில் சொல்லுவது என்று நாம் கேட்கின்றோம்.